யன்னல் கதையின் முடிவு

அந்த வருஷம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் என்னைக் கண்டவர்கள் சுகம் விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரீச்சர், அந்தச் சுவர் என்னத்தைக் குறிக்குது?"

சுவர் சுவரைத்தான் குறிக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒருவரும் நம்பவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அது. கொன்ஸ்ரன்ஸ் என்கிற நான் கத்தோலிக்கக் கோயில் நடத்திய பெண்கள் பாடசாலையில் நான்காம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, வாய் நீளம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் அம்மாவின் கருத்து.

எங்கள் வீடு ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. முன் அறையில் மேற்குப் பக்கமாக ஒரு யன்னல். ஒரு காலத்தில் அதைத் திறந்தால் துறைமுகம் தெரியுமாம், கப்பல்களின் புகைக்குழாய் தெரியுமாம், காற்று வந்து மேசையில் கிடக்கிற காகிதத்தை அள்ளிக்கொண்டு போகுமாம். எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது மச்சாடோ முதலாளி பக்கத்து நிலத்தில் அரிசிக் கிட்டங்கி கட்டினார். கிட்டங்கியின் சுவர் எங்கள் யன்னலிலிருந்து ஒரு சாண் தள்ளி எழும்பியது. அதற்குப் பிறகு யன்னலைத் திறந்தால் செங்கல். கையை நீட்டினால் செங்கல். மழை பெய்தால் ஈரச் செங்கல்.

அம்மா அந்த யன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டாள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தால் அதைக் கழற்றித் தோய்த்து, கஞ்சி போட்டு, மறுபடி மாட்டுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் திரைக்கு அப்பால் வெளி இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு போவார்கள்.

பப்பா செய்தது இன்னும் மோசம். அவர் ஒரு கப்பல் கந்தோரில் இருபத்தெட்டு வருஷம் பிரதி எழுதுகிற கிளாக்கராக இருந்தவர். பீற்றர் கிளாக்கரின் கையெழுத்தை அச்சு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. தினமும் பின்னேரம் கந்தோரால் வந்து, கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, திரையை விலக்கி, யன்னலைத் திறந்து, அந்தச் சுவருக்கு முன்னால் கால்மணி நேரம் நிற்பார். அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டதும் யன்னலைச் சாத்திவிட்டு வருவார். கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் நிற்கத் தவறவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊரில் எல்லாருக்கும் முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்த மனுஷன், தன் யன்னலுக்காக ஒரு வரி எழுதவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்த பிறகு பாவமாயிருக்கும். பாவமாயிருப்பதால் இன்னும் கோபம் வரும்.

அந்த வருஷத் தொடக்கத்தில் மருதானையில் பழைய புத்தகம் விற்கிற ஒருவனிடம் ஓர் இங்கிலிஷ் கதைப்புத்தகம் கிடைத்தது. "கவர் நே, நோனா", அட்டை இல்லை அம்மா என்று சிங்களத்தில் அவனே வெட்கப்பட்டுக் கொடுத்தான். அட்டை மட்டுமல்ல, முன்பக்கங்களும் இல்லை. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அயர்லாந்துக் கதைகள், இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தியவை. ட்ராமில் இருந்து வாசிக்கத் தொடங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன்.

அந்தக் கதைகளில் ஒன்றுமே நடக்காது. நடக்கவேண்டியது நடக்காமல் போவதுதான் கதை. ஒரு கதையில் மூலையில் ஈரக் குடை ஒன்று நின்றது. ஆட்கள் வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், யாரோ ஒருவரின் செத்தவீட்டைப் பற்றிக் கதைத்தார்கள், போனார்கள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை. ஆனால் வாசித்து முடித்தபோது அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரின் ஆயுளும் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருப்பது எனக்கு விளங்கியது. அழுகை இல்லை, ஆறுதல் இல்லை, கடைசிப் பக்கத்தில் வந்து தலையைத் தடவுகிற தேவதூதன் இல்லை. இப்படியும் எழுதலாமா என்று திடுக்கிட்டுப் போனேன். அதுவரை நான் வாசித்த கதைகளில் கெட்டவன் திருந்துவான், திருந்தாவிட்டால் பாம்பு கடித்துச் சாவான்.

அந்த ஊர் எனக்குப் பழகிய ஊராகவே இருந்தது. அங்கேயும் துறைமுகம், அங்கேயும் கோயில் மணி, அங்கேயும் இங்கிலிஷ்காரன் ஆட்சி, அங்கேயும் கந்தோரால் வந்து பேசாமல் இருக்கிற ஆண்கள். அவர்கள் நனைந்தார்கள், நாங்கள் வியர்த்தோம். வேறு வித்தியாசம் தெரியவில்லை.

நாலு நாளில் ஒரு கதை எழுதினேன். தலைப்பு 'யன்னல்'. ஒரு கிளாக்கர் வீட்டுக்கு வருகிறார். கோட்டைக் கழற்றுகிறார். யன்னலைத் திறந்து ஒரு சுவருக்கு முன்னால் நிற்கிறார். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். யன்னலைச் சாத்துகிறார். அவ்வளவுதான். அதைக் கோயில் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியரும் பாடசாலையின் மனேஜரும் எங்கள் பங்குக் குருவான டெலனி சுவாமிதான். அவர் அப்போது காய்ச்சலுக்குப் பிறகு நுவரெலியாவில் ஓய்வில் இருந்தார். இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அச்சுக்கூடத்தில் வாசித்துப் பார்க்காமலே போட்டுவிட்டார்கள். கீழே 'ஓர் ஆசிரியை' என்று மட்டும் இருந்தது. அது யாரென்று கண்டுபிடிக்க ஊருக்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

பிறகுதான் கூத்து. பாட்டுக்குழு மாஸ்டர் அந்தச் சுவர் மரணம் என்றார். உபதேசியார் அது திருச்சபை என்று முடிவுகட்டி, என்னைக் கண்டால் வீதியின் மறுகரைக்குப் போனார். தபால்கந்தோரில் ஒருவர் அது பிரிட்டிஷ் அரசாங்கம்தானே என்று காதோடு சொல்லிவிட்டு, "கவனம், ரீச்சர்" என்றார். நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பெண், தானும் புருஷனும் மூன்று வருஷமாக முகம் பார்த்துப் பேசாமல் இருப்பதைத்தான் நான் சுவர் என்று எழுதிவிட்டேன் என்று அம்மாவோடு சண்டைக்கு வந்தாள்.

மச்சாடோ முதலாளி ஒருவருக்கு மட்டும் சரியாக விளங்கியது. அது தன்னுடைய சுவர் என்று அவர் கண்டுகொண்டார். டெலனி சுவாமி மலையால் இறங்கி வந்த அன்றே, பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சுவாமி தங்குகிற அறைவீட்டுக்குப் போய்விட்டார். பாடசாலையின் புதுக் கட்டடம் அவர் கட்டிக் கொடுத்தது. அடுத்த கட்டடத்துக்கு அத்திவாரம் போட நாளும் பார்த்திருந்தார்கள்.

சுவாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அயர்லாந்துக்காரர். முப்பது வருஷம் மன்னாரிலும் கொழும்பிலும் பிரசங்கம் வைத்து வைத்து, சாதாரணமாகப் பேசுகிற தமிழ் அவர் வாயில் வராமலே போய்விட்டது.

"கொன்ஸ்ரன்ஸ், நீர் கதையை முடிக்கவில்லை" என்றார். "அடுத்த இதழில் அதன் முடிவை எழுதும். அந்த மனிதருக்கு ஆறுதல் கிடைக்க வேண்டும்."

"அவருக்குக் கிடைக்கேல்லையே, சுவாமி."

"கதையில் கிடைக்கலாம் அல்லவா?"

"அப்ப அது பொய்யெல்லோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி எழுத எங்கே கற்றேன் என்று கேட்டார். பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மூன்று இடத்தில் பிரித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அதிகாரம் கொஞ்ச நேரத்துக்கு எங்கேயோ போய்விட்டது.

"நான் அந்த நகரத்தில் பிறந்தவன்" என்றார். "அங்கே மழை மட்டும் பெய்யவில்லை. மக்கள் சிரிக்கவும் செய்தார்கள். என் தாயார் எப்போதும் சிரிப்பார். இந்த மனிதர் அதை எழுதவில்லை."

"சிரிச்சவையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கினம், சுவாமி. மற்றவையைப் பற்றி எழுத இவர் ஒருத்தர்தானே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புத்தகத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"உமக்கு ஒரு கிழமை தருகிறேன். முடிவு வராவிட்டால் இந்தப் பாடசாலையில் உம்மை வைத்திருப்பது எனக்கு இயலாத காரியமாகும். வெள்ளிக்கிழமை உம்முடைய தகப்பனாரையும் அழைத்து வாரும்."

பப்பா ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். மனேஜர் வேண்டாம் என்று அனுப்பிய ஆசிரியையை எந்தக் கோயில் பாடசாலையும் எடுக்காது. இது எனக்குத் தெரியும், சுவாமிக்கும் தெரியும், அன்று மத்தியானமே அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

"நாலு வரிதானே, எழுதிக் குடுத்தால் என்ன குறைஞ்சா போவாய்?" என்று அம்மா அழுதாள். "உன்ர கதையை ஆர் ரெண்டாந்தரம் வாசிக்கப்போகினம்? திரைக்குப் பின்னால இருந்ததை ஊருக்கே திறந்து காட்டிப்போட்டாய். இப்ப சோத்திலயும் மண்ணைப் போடுறியே."

பப்பா பின்னேரம் வழக்கம்போல யன்னலுக்கு முன்னால் போய் நின்றார். பத்திரிகையை அவர் வாசித்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நான் வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே தியாகராசா என்று ஒருவர் மாதப் பத்திரிகை நடத்தினார். கோயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் கதை எப்படியோ கண்ணில் பட்டு, அதைத் தன் பத்திரிகையில் மறுபடி போட விரும்புவதாகத் தபாலட்டை எழுதியிருந்தார். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி, கடலோரமாகப் போய் இறங்கும்வரை எனக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை. ஒருவராவது சுவரைச் சுவராகப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கதர்ச் சட்டையும் வெற்றிலைச் சிவப்புமாக மனுஷர் உற்சாகமாக வரவேற்றார். "மிஸ், அந்தச் சுவர் ஏகாதிபத்தியம். நான் ஒரே மூச்சில பிடிச்சிட்டன்!" என்றார்.

"அது அரிசிக் கிட்டங்கியின்ர சுவர்."

"ஓம் ஓம், வெளியால அப்பிடித்தான் சொல்லவேணும்." கண்ணைச் சிமிட்டினார். "ஆனால் முடிவுதான் பத்தாது. கடைசியில தொழிலாளர் எல்லாரும் அலவாங்கோட வந்து சுவரை இடிக்கினம். காத்து உள்ளுக்க வருது. அப்பிடி முடிச்சுத் தாங்கோ, முதல் பக்கத்தில போடுறன்."

"எங்கட ஒழுங்கையில அலவாங்கு வைச்சிருக்கிற ஒரே ஆள் மச்சாடோ முதலாளிதான்" என்றேன். "அவரிட்டத்தான் இரவல் கேக்கவேணும்."

அவர் சிரிக்கவில்லை. "வாசகருக்கு நம்பிக்கை குடுக்கவேணும், மிஸ். அது எழுத்தாளரின்ர கடமை."

"என்னட்ட இல்லாத சாமானை நான் எப்பிடிக் குடுக்கிறது?"

முடிவு ஒன்று எழுதினால் அனுப்பச் சொன்னார். திரும்பி வருகிற ரயிலில் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒருவருக்கு முழந்தாளில் நிற்கிற முடிவு வேண்டும், மற்றவருக்கு அலவாங்கு பிடிக்கிற முடிவு வேண்டும். இரண்டு பேருக்கும் அந்தக் கிளாக்கர் வேண்டாம். பத்தொன்பது வருஷம் ஒருவன் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதை இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. ஆறுதல் ஆறுதல் என்று இவர்கள் கேட்பது தங்களுக்குத்தான். அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது, வேலை போனாலும் ஒரு வரி சேர்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அறைவீட்டில் சுவாமி எங்கள் இரண்டு பேரையும் இருக்கச் சொன்னார். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று முடிவை உபதேசியாரைக் கொண்டு எழுதுவித்து ஆயத்தமாக வைத்திருந்தார். தானே வாசித்தார்.

"அப்போது அவருடைய உள்ளத்தில் ஓர் ஒளி பிறந்தது. இந்தச் சுவர் தடையன்று, கடலின் உப்புக்காற்றிலிருந்து தம்மையும் தம் குடும்பத்தையும் காக்க இறைவன் நீட்டிய கரமே என்று உணர்ந்தார். அதைக் கட்டிய பெருந்தகையை மனதார வாழ்த்தி, முழந்தாளிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தார்."

வாசித்துவிட்டுப் பேனையை என் பக்கம் தள்ளினார். "கீழே உம்முடைய பெயரை எழுதினால் போதும்."

"ஏலாது, சுவாமி" என்றேன்.

அவர் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவி எனக்கு முன்னால் வைத்தார். "இந்தக் கையெழுத்தை அறிவீரா?"

அறியாமல் இருப்பேனா? அச்சுப் போன்ற எழுத்து. தேதி ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தொன்பது. எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் இருந்தது. கோயில் ஆட்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் நீதிமன்றத்துக்கோ அரசாங்கக் கச்சேரிக்கோ போகக்கூடாது. பிணக்கு என்றால் சுவாமியிடம் வரவேண்டும், சுவாமி இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்த்து, தீர்த்ததை எழுதி வாங்கிக் கோப்பில் வைப்பார். அப்படி அந்தக் காலத்துச் சுவாமி எழுதி வாங்கிய கடிதம் அது. 'என் மகள் கொன்ஸ்ரன்ஸுக்குப் பாடசாலையில் இடமும், ஆசிரியப் பயிற்சி முடியும்வரையான படிப்பும் இலவசமாகக் கிடைக்க மச்சாடோ அவர்கள் பொறுப்பேற்றபடியால், என் வீட்டு யன்னலை மறைத்த சுவர் சம்பந்தமாக நான் மாநகரசபைக்குக் கொடுத்த முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே பப்பாவின் பெயர்.

இரண்டாந்தரம் வாசித்தேன். எழுத்து ஒன்றும் மாறவில்லை.

"உம்மைப் படிப்பித்தவர் மச்சாடோ" என்றார் சுவாமி. குரலில் வன்மம் இல்லை. "அவர் தந்த படிப்பைக் கொண்டு அவரையே அடித்தீர். இது நன்றியா, சொல்லும்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் வாய் அடைத்ததை அதற்கு முன் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். பப்பா ஒரு வரி எழுதவில்லை என்று இத்தனை வருஷம் மனதுக்குள் திட்டினேன். அவர் எழுதியிருக்கிறார். எழுதியதைத் திருப்பி எடுத்ததும் எனக்காகத்தான். நான் படித்த எழுத்து, நான் வாசித்த புத்தகம், அவரைப் பற்றி நான் எழுதிய கதை, எல்லாம் அந்த யன்னலைக் கொடுத்து வாங்கியவை. வெட்கத்தில் காது சுட்டது. கை தானாகவே பேனையை எடுத்தது. இனி எனக்கு என்ன வீம்பு, கையெழுத்தை வைத்துவிடுவோம் என்றுதான் குனிந்தேன்.

"வையாதே, பிள்ளை."

பப்பாதான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சுவாமியாரைக் கண்ணுக்கு நேரே பார்த்து நான் அதுவரை கண்டதில்லை.

"சுவாமி, அந்தக் காயிதத்தில கையெழுத்து வைச்சது நான். எனக்கு அப்ப முப்பத்தாறு வயசு, சுய புத்தியோட வைச்சனான். யன்னலை நான் குடுத்தன். படிப்பை முதலாளி குடுத்தார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது." மேசையில் கிடந்த கடிதத்தைச் சுட்டிக்காட்டினார். "பிள்ளை எழுதுற கதையையும் தரவேணும் எண்டு அந்தக் காயிதத்தில இல்லை. இல்லாததை இப்ப சேர்க்க ஏலாது."

"பீற்றர், அந்தக் கதையில் வருகிறவர் நீர்தான் என்று ஊர் முழுவதும் பேசுகிறது. அது உமக்கு அவமானம் அல்லவா?"

"நான்தான், சுவாமி. நான் நிண்டது உண்மை. உப்புக்காத்துக்குப் பயந்து நிக்கேல்ல. முழந்தாளில நிண்டு வாழ்த்தவும் இல்லை."

சுவாமி உபதேசியார் எழுதிய தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"அப்படியானால், கொன்ஸ்ரன்ஸ், திங்கட்கிழமை..."

"வரேல்ல, சுவாமி" என்று நானே முடித்துக் கொடுத்தேன். அவருக்கு அந்த ஒரு முடிவையாவது கொடுத்த திருப்தி எனக்கு இருந்தது. எழுந்தபோது என் புத்தகத்தைக் கேட்டேன். அவர் லாச்சியைத் திறக்கவில்லை. இன்னும் வாசித்து முடிக்கவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சரி வைத்திருங்கள் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்து ஒழுங்கை முடக்கு வரும்வரை பொறுத்தேன். பிறகு என்னால் முடியவில்லை. நடுவீதி என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"ஏன் பப்பா எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தால் நீ படிச்சிருக்கமாட்டாய். உன்ர குணத்துக்கு அடுத்த நாளே சிலேட்டைக் கொண்டுபோய் அவற்ற கடை வாசலில எறிஞ்சிருப்பாய்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. "என்னைக் கேட்டனீங்களோ? எனக்கு யன்னல் வேணுமோ படிப்பு வேணுமோ எண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"ஏழு வயசுப் பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது?" அவர் நின்றார். "அந்தச் சுவர் கட்டேக்க சீமெந்துப் பீப்பாக்கள் யன்னலுக்கு வெளியால கிடந்தது. நீ கதிரையில ஏறி நிண்டு எட்டிப்பாத்து, அதில இருந்த இங்கிலிஷ் எழுத்தை ஒவ்வொண்டாய் வாசிச்சாய். உனக்கு ஆரும் சொல்லித் தரேல்ல. நான் கந்தோரால கொண்டுவந்த காயிதங்களைப் பாத்துப் பிடிச்சிருக்கிறாய். அண்டைக்குத்தான் நான் சுவாமியிட்டப் போனனான்."

அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீடுவரை நடந்தேன்.

சனிக்கிழமை காலையில் நான் மேசையில் இருந்து என் கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். ஒரு வரியும் சேர்ப்பதில்லை என்று சொன்னவள்தான். அப்போது எனக்கு விஷயம் பாதிதான் தெரியும். மீதி தெரிந்த பிறகும் அதை மறைத்தால், அம்மாவின் திரைக்கும் என் கதைக்கும் என்ன வித்தியாசம்? நாலு வரிதான். எழுதி முடித்துவிட்டுச் சத்தமாக வாசித்தேன்.

"அதையும் எழுதப்போறியா?" அம்மா குசினியிலிருந்து கையில் அகப்பையோடு வந்தாள். "வேலை போனது காணாதா? இனி அந்த முதலாளியின்ர கண்ணில முழிக்கிறதெப்பிடி? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறதெப்பிடி?"

"வழக்கமாப் போற மாதிரித்தான், மாக்ரெட்" என்றார் பப்பா. "முதலாளி ஆக்கள் முன்னுக்கு இருக்கட்டும். நாங்கள் எங்கட இடத்தில இருப்பம்." என் பக்கம் திரும்பினார். "தா. பிரதி எடுத்துத் தாறன். உன்ர எழுத்தை வெள்ளவத்தையில ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்."

"தியாகராசா போடுவாரோ தெரியாது, பப்பா. இதில அலவாங்கு இல்லை."

"போடாட்டி வேற ஆக்கள் இருக்கினம். எத்தினை பிரதி வேணுமெண்டாலும் எழுதலாம்."

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருந்தார். வீட்டில் எழுதினாலும் எழுதும்போது கோட்டு வேண்டும். பப்பா பிரதி எழுதுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வாய் திறக்கமாட்டார். துரைமார் எழுதியதில் பிழை இருந்தால் அந்தப் பிழையையும் அப்படியே அழகாக எழுதுவார். திருத்துவது தன் வேலை இல்லை என்பார். என் கதையையும் அப்படித்தான் எழுதினார். கிளாக்கர் வந்தார், கோட்டைக் கழற்றினார், யன்னலைத் திறந்தார். தன்னைப் பற்றிய வரிகளை, வேறொருவருடைய கப்பல் சாமான் பட்டியலை எழுதுவதுபோல எழுதிக்கொண்டு போனார். அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில், நான் அன்று காலையில் எழுதிய இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

நான் எழுதியிருந்தது இதுதான். 'மகளைப் படிக்க வைப்பதற்காக அவர் அந்த யன்னலை விட்டுக்கொடுத்தார். அவள் படித்தாள். படித்து இந்தக் கதையை எழுதினாள். சுவர் அங்கேயே நிற்கிறது.'

"இது சரியில்லை" என்றார் பப்பா.

அவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். "வேண்டாமெண்டால் வெட்டிவிடுறன், பப்பா."

"வெட்டச் சொல்லேல்ல. 'விட்டுக்கொடுத்தார்' எண்டு போட்டிருக்கிறாய். விட்டுக்குடுக்கிறது பெரிய மனுசர் செய்யிற வேலை. நான் வித்தனான். அவர் வாங்கினவர். 'விற்றார்' எண்டு போடு. வித்தது ஆர், வாங்கினது ஆர் எண்டு வாசிக்கிறவைக்குத் தெரியவேணும்."

நான் என் தாளை எடுத்து அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, அவர் சொன்னதை எழுதினேன். வாங்கியவரின் பெயரையும் எழுதினேன். பப்பா அதைப் பார்த்து ஓர் எழுத்தும் பிசகாமல் பிரதி பண்ணினார். முடிந்ததும் கீழே 'ஓர் ஆசிரியை' என்று போடுவதா என்று கேட்டார். இனி நான் ஆசிரியை இல்லையே என்றேன். என் பெயரை முழுதாக எழுதச் சொன்னேன். கொன்ஸ்ரன்ஸ் பீற்றர் என்று எழுதினார். நான் சொல்லாமலே, அதற்குக் கீழே எங்கள் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் எழுதினார். எழுதிவிட்டு மை காயட்டும் என்று தாளை மேசையில் விரித்து வைத்தார்.